மேல்வீட்டுத் திராட்சை

நாங்கள் குடியிருக்கும் வீட்டில் எங்கள் தலைக்கு மேலே திராட்சை குடியிருக்கிறது. செப்டம்பர் கடைசியில் வந்து சேரும்; பொங்கல் கழிந்துதான் காலி செய்யும். அதற்கு வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற நிபந்தனையும் கிடையாது. புழுக்கமாக இருந்தால் மின்விசிறி போடுவார்கள். ஈரப்பதம் பார்க்கச் சுவரில் ஒரு கருவி மாட்டியிருக்கிறார்கள். மழை வந்தால் வீட்டுக்காரம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். காற்று நன்றாக வீசினால் ஓடிப்போய்த் திறப்பார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. எங்கள் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான் போய்ச் சொன்னபோது மட்டும் முட்டி வலி என்று உட்கார்ந்துவிட்டார்.

இடம் இத்தாலியில், வெரோனா நகருக்கு வடமேற்கே, நெக்ரார். வால்போலிச்செல்லா என்று ஒயின் பாட்டில்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் குன்றுப் பகுதியில் ஓர் ஊர். வடக்கே லெஸ்ஸீனி மலை, மேற்கே கொஞ்சம் தள்ளி கார்தா ஏரி, தெற்கே அதிஜே ஆறு. இத்தனைக்கும் நடுவே நான் வெரோனாவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கிடங்குக் கணக்கு பார்க்கிறேன். நகரத்துக்குள்ளேயே வீடு கிடைத்தது. "ஜன்னலைத் திறந்தா பச்சைப் பசேல்னு இருக்கணும்" என்று மனைவி சொன்னதால் இங்கே வந்தோம். திறந்தால் பச்சைதான். திறக்காவிட்டாலும் குளிர் வரும் என்பது குடிவந்த பிறகு தெரிந்த விஷயம். ஹீட்டரைக் கூட்டி வைக்கச் சொன்னால் வீட்டுக்காரம்மா விரலை மேலே காட்டுவார். கீழே இருக்கிற சூடு மேலே ஏறினால் திராட்சை கெட்டுப்போகுமாம். நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தோசை வார்க்கிறோம்.

இந்த உபசாரமெல்லாம் ரெச்சோத்தோ என்ற ஒயினுக்காக. கருஞ்சிவப்பு, நல்ல தித்திப்பு. மற்ற இடங்களில் பெரும்பாலும் பறித்த கையோடு பிழிந்துவிடுவார்கள். இங்கே நல்ல குலைகளாகப் பொறுக்கி, பரணில் நூறு நாள், நூற்றிருபது நாள் காயப்போட்டு, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றுக்குக் கொடுத்த பிறகுதான் பிழிகிறார்கள். அந்தக் காலத்தில் இன்னும் மோசம். குலையின் இரண்டு தோளிலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குத்தான் வெயில் நன்றாகப் படும், அங்கேதான் இனிப்பு அதிகம் என்று அதை மட்டும் கிள்ளி எடுப்பார்களாம்.

இதை ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "மொட்டை மாடியில போட்டா நாலு நாள்ல காஞ்சிருக்குமே, எதுக்குடா நாலு மாசம்?" என்றாள். வத்தல் வடகத்தில் ஐம்பது வருஷ அனுபவம் உள்ளவள் கேட்கிற கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு வந்து சொன்னேன்: வெயிலில் போட்டால் வெந்த வாசனை வந்துவிடும், நிழலில், குளிர்ந்த காற்றில், மெதுவாக நீர் வற்றும்போது இனிப்போடு புளிப்பும் சேர்ந்து இறுகுகிறது, தோலுக்குள்ளேயும் என்னென்னவோ மாறுகிறது, புது மணங்கள் வருகின்றன. அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "காக்கா வராம யாரு பாத்துக்கிறா?" என்றாள்.

நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காக்கையை அல்ல, அழுகலை.

இது எப்படி என் தலையில் விழுந்தது என்றால், குழாய் விஷயமாக மூன்றாம் முறையோ நான்காம் முறையோ பேச மேலே போனேன். வீட்டுக்காரம்மா திராட்சைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். "வாங்க, வாங்க, அந்த விளக்கைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. அலுவலகத்தில் "ஒயின் தயாரிப்பிலும் கொஞ்சம் ஈடுபாடு உண்டு" என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஊர் நண்பர்களிடம் சொல்லும்போது அந்தக் 'கொஞ்சம்' எங்கேயோ விழுந்துவிடுகிறது.

அந்தப் பரணைப் பார்க்க வேண்டும். நீளமான கூடம், மரத் தூலங்கள், எதிரும் புதிருமாக ஜன்னல்கள். ஒரு பாதியில் இப்போதைய வழக்கப்படி ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கியிருக்கிறார். மறுபாதியில் மூங்கில், நாணல் தட்டிகள், அரேலே என்பார்கள். மரச் சட்டத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டிகள் ஏறிப்போகும். அவர் பாட்டி காலத்தில் இவை பட்டுப்புழு வளர்த்த தட்டிகள். வசந்தத்தில் புழு மல்பெரி இலை தின்னும். அது கூடு கட்டி முடித்துப் போன பிறகு, இலையுதிர்காலத்தில் திராட்சை ஏறிப் படுத்துக்கொள்ளும். ஒரே தட்டியில் வருஷத்துக்கு இரண்டு குடித்தனம். இந்த வட்டாரத்தில் பட்டு போய்விட்டது, திராட்சை மட்டும் நிலைத்துவிட்டது.

குலைகளை ஒற்றை வரிசையாகத்தான் பரப்ப வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. நெருக்கமான குலை உதவாது, இடைவெளி விட்டுக் காய்த்த குலைதான் வேண்டும், காற்று உள்ளே புகுந்து வெளியே வர வேண்டுமே. கொர்வீனாதான் பெரும்பங்கு, அதன் தோல் தடிப்பு, காய்ச்சலைத் தாங்கும். கொர்வினோனே கொஞ்சம் பெரிய மணி. ரொந்திநெல்லா என்று ஒன்று, எந்த நோய்க்கும் சட்டென்று மசியாதது. இவை மூன்றையும் பிரித்துச் சொல்ல எனக்கு வெகுநாள் ஆயிற்று. இன்னமும் வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்கிறேன்.

வேலை இதுதான். விளக்கைத் தாழ்த்திக் குலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அழுகல் தட்டியைத் தொடும் இடத்தில்தான் தொடங்கும். தோல் சுருங்கியிருந்தால் நல்லது. சுருங்காமல் உப்பிப் பளபளத்தால் சந்தேகம். சாம்பல் பூத்திருந்தால், அந்த மணியைப் பக்கத்து மணிக்குத் தெரியாமல் கத்தரிக்கோல் நுனியால் காம்போடு எடுக்க வேண்டும். நசுங்கிச் சாறு வழிந்தால் நாலு மணி கெடும். பிறகு குலையை உள்ளங்கையில் வாங்கி, ஒரு கால்திருப்பு திருப்பி, பழைய இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் படுக்க வைக்க வேண்டும். தீபாவளி சமயத்தில் தோல் லேசாகத் தளர்ந்திருக்கும். மார்கழியில் பார்த்தால் சுருங்கிக் கறுத்து, தொட்டால் பிசுபிசுக்கும். மணமும் மாறிவிடும்: முதலில் பழக்கடை, அப்புறம் செர்ரி, கடைசியில் முந்திரிப்பருப்பை ஒதுக்கிவிட்டுத் திராட்சையை மட்டும் நெய்யில் பொரித்த அடுப்படி.

"வீட்ல ஒரு கட்டுக் கீரை ஆஞ்சு குடுக்கச் சொன்னா இடுப்பு வலிக்குதும்பீங்க. அடுத்தவங்க வீட்டுத் திராட்சைய ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வர்றீங்க" என்றாள் மனைவி. இது வேறு, அது வேறு என்றேன். என்ன வேறு என்று கேட்டாள். அது பாரம்பரியம் என்றேன். கீரை என்ன நேத்திக்கு வந்ததா என்றாள்.

அவளுக்கு இன்னொரு கோபமும் உண்டு. எனக்குச் சர்க்கரை. டாக்டர் கொடுத்த பட்டியலில் 'கூடாது' என்ற வரிசையில் திராட்சை தலைமை வகிக்கிறது; காய்ந்த திராட்சையைத் தனியாகச் சொல்லவும் வேண்டாமாம். நான் மேலே போய் ஒன்றும் வாயில் போடுவதில்லை என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் கொர்வீனாவின் கறை இருக்கிறதே, அது சோப்புக்குப் போகாது. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்ததும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஊதாவாக நிற்கும். அழுகலை எடுத்தபோது பட்டது என்பேன். "நாக்குல எப்படிப் பட்டுச்சு?" என்பாள். மேலே வீட்டுக்காரம்மாவுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. வெறுங்காம்பு எத்தனை என்று எண்ணினால் போதும். எண்ணியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். அதற்கப்புறம் என் பக்கத்துத் தட்டியில் ரொந்திநெல்லா மட்டும்தான்.

கணக்குப் பிள்ளை புத்தி எங்கே போகும்? நூறு கிலோ பச்சைத் திராட்சை போட்டால் கடைசியில் எத்தனை லிட்டர் ஒயின் என்று கேட்டேன். 40 லிட்டருக்கு மேல் கூடாது என்று விதியே இருக்கிறது. சாதாரண ஒயினில் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். ஆக, நூறு நாள் இடத்தை அடைத்துக்கொண்டு, விசிறிக்குக் கரண்டு செலவழித்து, ஒரு மாதச் சம்பளக்காரனை இலவசமாக டார்ச் பிடிக்க வைத்து, பாதியைக் கோட்டைவிடுகிற தொழில். அதுவும் டிசம்பர் முதல் தேதிக்கு முன்னால் பிழியக் கூடாது என்று சட்டம் வேறு. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுபோனால் மேலாளர் என்னைத்தான் காயப்போடுவார்.

பிழிந்த பிறகு நடப்பதுதான் விசேஷம். சாறு பாகு பதத்தில் இருக்கும். தை மாதக் குளிர். ஈஸ்ட் பாவம், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கிக்கொண்டே வரும். ஆல்கஹால் ஏற ஏற அதற்கே மூச்சு முட்டும். 12, 13, 14 சதவீதம் என்று எங்கோ ஓரிடத்தில் நிறுத்திவிடும், அல்லது தொட்டியைக் குளிரவைத்து, வடித்து, இவர்களே நிறுத்திவிடுவார்கள். தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே தங்கும். அதுதான் ரெச்சோத்தோவின் தித்திப்பு. வெளியிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவதில்லை. இதை நான் மனைவியிடம் பலமுறை வலியுறுத்தியிருக்கிறேன். "உள்ளேருந்து வந்தா மட்டும் சர்க்கரை ஏறாதா?" என்று ஒரே கேள்விதான்.

ஈஸ்டை நிறுத்த மறந்தால் என்ன ஆகும்? அமரோனே ஆகும். இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதை இது. 1936-இல், இதே நெக்ரார் கூட்டுறவு ஒயின் ஆலையில், அதெலினோ லுக்கேஸே என்ற பாதாள அறைப் பொறுப்பாளர் மறந்துபோன ஒரு ரெச்சோத்தோ பீப்பாயைக் கண்டுபிடித்தாராம். ஈஸ்ட் யாரும் தடுக்காததால் சர்க்கரையைச் சுத்தமாகத் தின்று தீர்த்திருந்தது. இனிப்பு போய்விட்டது, ஆனால் ஒயின் கெடவில்லை, கம்பீரமாக இருந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க வால்போலிச்செல்லாவுக்குப் பெயர் வாங்கித் தருவது அந்த அமரோனேதான். அதே குலை, அதே பரண், அதே டார்ச். கவனிக்காமல் விட்டதற்குப் பெரிய பாட்டில், பெரிய விலை. 2010-இல் இத்தாலிய அரசு ஒயினுக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த தகுதியை இரண்டுக்கும் சேர்த்தே கொடுத்தது. காகிதத்தில்தான் சமம். கடையில் அமரோனே கண்ணெதிரே நிற்கும். ரெச்சோத்தோ கீழ்த்தட்டில், அரை லிட்டர் பாட்டிலில்.

வயசை எடுத்துக்கொண்டால் ரெச்சோத்தோ எங்கேயோ இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில், ஆஸ்திரோகோத் மன்னர்களிடம் அதிகாரியாக இருந்த காசியோடோரஸ் இந்தப் பக்கத்து வரி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அரண்மனைச் சாப்பாட்டு மேசைக்கு வெரோனாவின் உலர்திராட்சை ஒயின் வேண்டும், வாங்கி அனுப்பு என்பது விஷயம். அதோடு விட்டாரா? குலையை எப்படித் தொங்கவிடுவது, டிசம்பர் வரை எப்படி வைத்திருப்பது, குளிரில் எப்படிச் செய்வது என்று செய்முறையையும் விலாவாரியாக எழுதியிருக்கிறார். வரி வசூல் செய்கிறவனுக்கு இது எதற்கு? நானும் அலுவலகக் கடிதம் எழுதுகிறவன்தான்; ஒரு ஸ்டேப்ளர் கேட்டு மூன்று பத்தி எழுதியவன் என்ற முறையில் அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

ரெச்சோத்தோவை நான் தூக்கிப் பிடிப்பதற்கு உள்நோக்கம் இருக்கிறது. அதன் நிலைமையும் என் நிலைமையும் ஒன்று. விருந்தில் கடைசியாகத்தான் அதைக் கூப்பிடுவார்கள். சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு "அருமை, அருமை" என்பார்கள். இரண்டாவது கிண்ணம் யாரும் கேட்பதில்லை. கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், கல்யாணம் என்றால் அது இல்லாமல் இந்த ஊரில் நடக்காது. மற்ற நாளில் அது இருக்கிறதா என்றே யாருக்கும் நினைவிருக்காது. எங்கள் வீட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போடும் செய்திகளுக்கு வரும் ஒற்றைக் கட்டை விரலை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன டிசம்பரில் மச்சினன் வந்தான். சென்னையில் நல்ல வேலை, வாய் அதைவிட நல்ல வேலை. விமானத்தில் வரும்போதே இருபது வீடியோ பார்த்திருக்கிறான். பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக, "மாமா, அமரோனே எங்க வாங்கலாம்?" என்றான். "மாப்ள, முதல்ல மேல வா" என்று பரணுக்கு அழைத்துப்போனேன். அரேலேயைக் காட்டினேன், கொர்வீனாவைக் காட்டினேன், காசியோடோரஸைச் சொன்னேன். அவன் போட்டோ எடுத்துக்கொண்டே வந்தான். கடைசியில், "சூப்பர் மாமா. இதுல எது அமரோனே?" என்றான். வீட்டுக்காரம்மாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. உடனே கீழே போய் ஒரு அமரோனே பாட்டிலைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, கன்னத்தைத் தட்டினார். இத்தனை நாள் டார்ச் பிடித்தவன் கன்னம் பக்கத்திலேயே இருந்தது.

நியாயம் வேண்டுமே, எனக்கும் இரண்டு பாட்டில் கிடைத்தது. ஒன்று 2023 அறுவடை ரெச்சோத்தோ. இன்னொன்று ரிபாசோ. ரிபாசோ என்னவென்றால், உலர்ந்த திராட்சையைப் பிழிந்து, ஒயினை வடித்த பிறகு மிஞ்சும் சக்கையின் மேல் சாதாரண வால்போலிச்செல்லாவை ஊற்றி மறுபடி நொதிக்க விடுவது. சக்கையில் ஒட்டியிருக்கும் சத்து அதில் இறங்கும். சிக்கனமான யோசனை, நல்ல ஒயினும்கூட. நான் கிண்டல் செய்யவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சாப்பாடு. மனைவி வத்தக்குழம்பும் வறுவலும் செய்திருந்தாள். மச்சினன் அமரோனேயைத் திறந்து, கிண்ணத்தைச் சுழற்றி, மூக்கை விட்டு, வத்தக்குழம்புக்கு இதுதான் சரியான ஜோடி என்று அறிவித்தான். ஜோடியோ இல்லையோ, இரண்டுமே காய்ந்ததிலிருந்து வந்தவை என்று நான் சொன்னது சபையில் ஏறவில்லை. சாப்பாடு முடிந்து பந்தோரோ வெட்டினோம். எட்டு முனை நட்சத்திரமாக எழும்பி நிற்கும் வெரோனாவின் கேக். 1894-இல் தொமெனிகோ மெலெகாத்தி என்ற இனிப்புக்கடைக்காரர் காப்புரிமை வாங்கியது. இதற்கும் ரெச்சோத்தோவுக்கும்தான் பொருத்தம். எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட்டிலைத் திறந்தேன்.

"குடுங்க இங்க" என்றாள் மனைவி.

பாட்டிலைத் திருப்பி, பின் லேபிளில் இருந்த க்யூஆர் கோடை போனில் எடுத்தாள். இது ஐரோப்பிய ஒன்றியம் எனக்குச் செய்த துரோகம். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாராகும் ஒயினில் என்ன இருக்கிறது, எவ்வளவு சத்து என்பதை லேபிளிலோ இந்தக் கோடிலோ சொல்லியாக வேண்டும். அதற்கு முன் தயாரானவற்றுக்கு இந்த விதி இல்லை. அந்த வருஷம் செப்டம்பரில் பறித்து உடனே பிழிந்த ஒயினெல்லாம் தேதிக்கு முன்பே ஒயினாகித் தப்பித்துக்கொண்டன. ரெச்சோத்தோ மட்டும் பரணில் நிம்மதியாகப் படுத்திருந்து, தை மாதம் எழுந்து வந்து, நேரே என் மனைவியின் போனில் மாட்டிக்கொண்டது.

"நூறு மில்லியில பன்னெண்டு கிராம் சர்க்கரை" என்று வாசித்தாள். நான் கிண்ணம் ஐம்பது மில்லிதான் என்றேன். "அப்ப ஆறு கிராம். ஒன்றரை ஸ்பூன். அதுக்கு மேல பந்தோரோ" என்றாள். கணக்கு பார்க்கிறவன் நான்; இவ்வளவு வேகமாக எனக்கு வராது. மச்சினன் உதவிக்கு வருவான் என்று பார்த்தேன். "அக்கா சொல்றது கரெக்ட்தான் மாமா" என்று பந்தோரோவில் இரண்டாவது துண்டை எடுத்தான்.

ரிபாசோவின் கோடையும் எடுத்துப் பார்த்து, சர்க்கரை மிகக் குறைவு என்று தெரிந்ததும் எனக்கு அதில் பாதிக் கிண்ணம் அனுமதியானது. ஆக, பார்வையாளனாக வந்தவனுக்கு அமரோனே, டார்ச் பிடித்தவனுக்குச் சக்கைமேல் ஊற்றியது. ரெச்சோத்தோவை வீணாக்கக் கூடாதே என்று மனைவி தனக்கு ஒரு சின்னக் கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். அருமை என்று சொல்லவில்லை. கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். பரவாயில்லை, மனசு இளகிவிட்டது என்று கையை நீட்டினேன்.

"உங்களுக்கு இல்லீங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."